துக்கம் நடந்த வீட்டில் கிறிஸ்துமஸ்: 'கடவுள் எங்கே?' என்று கேட்ட சகோதரிக்கு

சகோதரி கேட்டதன் சுருக்கம் இது. மார்ச் மாதம் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ஜூலையில் ஆட்குறைப்பில் வேலையும் போனது. மகள் தொடக்கநிலை 5இல் படிக்கிறாள், 'இந்த வருஷம் மரம் வைப்போமாம்மா?' என்று கேட்கிறாள். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போனாலும், பாட்டு ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். 'கடவுள் உங்களோடு இருக்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? கிறிஸ்துமஸை எப்படிக் கடப்பது?'

நான் போதகர் இல்லை. எங்கள் சபையில் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் சந்திக்கப் போகும் குழுவில் நெடுநாளாக இருக்கிறேன். வேதத்தையும் கொஞ்சம் ஆழமாகவே படித்திருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துப் பதில் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், விட்டுவிட்டுப் படியுங்கள்.

கடவுள் கூட இருப்பது ஒன்று, அதை நாம் உணர்வது வேறொன்று. துக்கம் மனதோடு நிற்பதில்லை, தூக்கம், பசி, ஞாபகம் எல்லாவற்றையும் கலைத்துவிடும். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு முதல் வருஷம் பிரியாணி வாசனைகூடத் தெரியாமல் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். பாட்டில் ஒன்றும் தோன்றவில்லை, ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்றால் அதுவும் அந்த மரத்துப்போன உடம்பின் வேலைதான். அதை விசுவாசக் குறைவு என்று நீங்களே உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். வேறு யாராவது எழுதினால் அழித்துவிடுங்கள்.

88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் அழுது தொடங்கினாலும் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. நண்பர்களையும் தோழர்களையும் என்னைவிட்டு விலக்கிவிட்டீர் என்ற முறையீட்டோடு இருட்டிலேயே முடிகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எறியவில்லை, நல்ல முடிவு ஒன்றை ஒட்டவைக்கவும் இல்லை. 13ஆம் சங்கீதமோ, 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்றே ஆரம்பிக்கிறது. இப்படிக் கேட்பதும் ஜெபம்தான். வேறு வார்த்தை வராத நாளில் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுப் படுங்கள்.

சரி, கிறிஸ்துமஸுக்கு வருவோம். ஞாயிறு பள்ளி நாடகத்தில் நாம் பார்க்கிற கிறிஸ்துமஸ் பளபளப்பானது: தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள், ஜிகினாச் சிறகு வைத்த தேவதூதர்கள், நடுவில் பொம்மைக் குழந்தை. ஏரோது வந்து நாலு வார்த்தை உறுமிவிட்டுப் போவான், அதோடு திரை விழும், அப்புறம் கேக். ஆனால் மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருப்பது கெட்ட காலத்தில் நடந்த கதை. நாடு ரோமர் கையில். பேரரசர் அகுஸ்து குடிமதிப்புக்கு உத்தரவு போடுகிறார், அதற்காக நிறைமாதக் கர்ப்பிணி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. போன இடத்தில் தங்க இடமில்லை. ஊரை ஆளும் ஏரோதோ பெற்ற பிள்ளைகளில் மூன்று பேரையே மரண தண்டனைக்கு அனுப்பியவன். குழந்தை பிறந்து கொஞ்ச காலத்தில் குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறது, அகதிகளாக.

அவர்கள் தப்பினார்கள். பெத்லகேமின் மற்ற ஆண் குழந்தைகள் தப்பவில்லை, ஏரோது அவர்களைக் கொல்லச் சொல்லிவிட்டான். அங்கே மத்தேயு எரேமியாவின் பழைய வரியைக் கொண்டுவருகிறார்: ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவர்கள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள். யோசித்துப் பாருங்கள், ஆறுதல் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாத ஒரு தாய் கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே இருக்கிறாள். 'அழாதே' என்று மத்தேயு அவளிடம் சொல்லவில்லை. கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன் சபையாரும் டிசம்பர் 28ஐ அந்தக் குழந்தைகளின் நினைவு நாளாகவே வைத்திருக்கிறார்கள். பிறப்பு விழா முடிந்து மூன்றே நாளில் ஒரு துக்க நாள். நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் அன்றைக்கு யாரும் அதைப் பேசுவதில்லை, புத்தாண்டு ஏற்பாட்டில் மும்முரமாக இருப்போம். அது ஒரு குறை என்பதே என் எண்ணம்.

மேய்ப்பர்களிடமும் ஒன்றைக் கவனியுங்கள். வானத்தில் வெளிச்சம், சேனையாகத் தூதர்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் தூதர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று லூக்கா அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறார். மேய்ப்பர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளம் அந்த வெளிச்சம் அல்ல. துணியில் சுற்றிய ஒரு குழந்தை, மாட்டுக்குத் தீனி போடும் முன்னணையில் கிடப்பதைப் பார்ப்பீர்கள் என்பதே அடையாளம். போனார்கள், பார்த்தார்கள், மறுபடியும் ஆடுகளிடம் வந்துவிட்டார்கள். ரோமன் போகவில்லை, வரி குறையவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து வெளியே வந்து பேச ஆரம்பிக்கவே ஏறத்தாழ முப்பது வருஷம் ஆனது. நிலைமை மாறியதால் கடவுள் வந்துவிட்டார் என்று இந்தக் கதை சொல்லவில்லை. நிலைமை அப்படியே இருக்கும்போது அதற்குள் வந்து படுத்துக்கொண்டார் என்றுதான் சொல்கிறது. கிறிஸ்துமஸ் நம்பிக்கை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவுதான். இது கொஞ்சமாகத் தோன்றலாம். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிதாக எதையாவது கொடுத்தால் அது பொய்யாகத்தான் போகிறது.

உங்களுக்காக இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நாற்பதாம் நாள் குழந்தையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே அன்னாள் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழே வருஷத்தில் விதவையானவள், இப்போது எண்பதைத் தாண்டிய கிழவி. அத்தனை வருஷம் அவள் என்ன உணர்ந்தாள் என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த இடத்தைவிட்டு நீங்காமல் உபவாசித்து ஜெபித்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் எழுதுகிறார். குழந்தையைக் கண்டுகொண்ட மிகச் சிலரில் அவளும் ஒருத்தி.

இது எல்லாம் ரொம்பப் பழங்கதை என்று தோன்றினால், நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூர் 15 பிப்ரவரி 1942 அன்று ஜப்பானியரிடம் சரணடைந்தது. சாங்கியில் ராபர்ட்ஸ் பாரக்ஸ் என்ற கட்டடம் போர்க் கைதிகளின் மருத்துவமனையானது. அங்கே வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தவர்களில் ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை வீரரும் ஒருவர், ஓவியர். நோயாளிகளுக்காக அங்கே இருந்த தூய லூக்கா சிற்றாலயத்தின் சுவர்களில் படம் வரைய முடியுமா என்று பாதிரிமார்கள் கேட்டார்கள். நிற்கக்கூடத் தெம்பில்லாதவர், சிறிது நேரம் வரைவார், அப்புறம் ஓய்வெடுப்பார். வண்ணம் ஏது? ராணுவத் தளவாடங்களுக்கு அடிக்கும் பழுப்புச் சாயம், எங்கிருந்தோ மற்ற கைதிகள் கொண்டுவந்து கொடுத்த கொஞ்சம் சிவப்பும் வெள்ளையும். நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் விளையாட்டுச் சுண்ணக்கட்டியை அரைத்துக் கலந்தார்கள். அதில் முதலில் வரைந்த படம் இயேசுவின் பிறப்பு. 1942 கிறிஸ்துமஸுக்கு அது தயாராக இருந்தது. பூமியில் சமாதானம் என்ற வார்த்தைகளையும் அதில் எழுதினார், வெளியே போர் நடந்துகொண்டிருந்தபோது.

அந்தப் படத்தைப் பார்த்த கைதிகளுக்கு அதற்குப் பிறகும் இரண்டரை வருஷத்துக்கு மேல் விடுதலை கிடைக்கவில்லை. பலர் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டுத் திரும்பவே இல்லை. (அதே பாதையில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களும் செத்தார்கள், அவர்களுக்குச் சுவரில் படம் வரைய யாரும் இல்லை.) பிறகு சுவர்கள் சுண்ணாம்பு பூசப்பட்டு, 1958இல் படங்கள் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன. வாரனை இங்கிலாந்தில் தேடிப் பிடித்து, வந்து புதுப்பித்துத் தாருங்கள் என்று கேட்டபோது அவர் தயங்கினார். மறக்கப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு யார் திரும்பி வருவார்கள்? இருந்தாலும் 1963 டிசம்பரில் வந்தார், அதற்குப் பிறகு 1980களில் இரண்டு முறை வந்தார். மற்றவர்களுக்கு நம்பிக்கையை வரைந்து கொடுத்தவருக்கே அந்த இடத்துக்குத் திரும்ப இருபது வருஷம் ஆனது. 'இன்னும் சரியாகவில்லையா?' என்று மார்ச்சில் கணவரை இழந்த உங்களை டிசம்பரில் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். அசல் சுவர்கள் ராணுவ வளாகத்துக்குள் இருப்பதால் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது, சாங்கி சிற்றாலய அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்தக் கதையை விவரமாகப் பார்க்கலாம்.

இனி நடைமுறை.

பாட முடியவில்லை என்றால் பாடாதீர்கள். 2020 கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கிறதா? கொவிட் கட்டுப்பாட்டில் சிங்கப்பூர் ஆலயங்களில் சபையாகப் பாடவே அனுமதி இல்லை. முகக்கவசத்தோடு, இடைவெளிவிட்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஐந்து விருந்தினருக்கு மேல் வரக்கூடாது. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இருந்த நம்மவர்கள் நினைத்தபடி வெளியே வரக்கூட முடியவில்லை. அந்த வருஷ ஆராதனையைக் கடவுள் ஏற்றுக்கொண்டார் என்றால் உங்கள் மௌனத்தையும் ஏற்றுக்கொள்வார். பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் போங்கள், முடிந்தால் திரும்பி வாருங்கள். 25ஆம் தேதி காலைப் பெரிய ஆராதனையின் பட்டுப்புடவைக் கூட்டமும் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' கைகுலுக்கலும் தாங்காது என்றால், கூட்டம் குறைந்த வேறு ஆராதனைக்குப் போங்கள். வார நாளில் சும்மா போய் உட்காரவும் இடமிருக்கிறது. நகர மண்டபம் எம்ஆர்டி பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை எனக்குப் பிடிக்கும். அதைக் கட்டிய கைகள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளுடையவை, ஊர் திரும்புவோமா என்றே தெரியாதவர்கள். 1942 பிப்ரவரியில் அதே பேராலயம் காயம்பட்டவர்களுக்கு அவசர மருத்துவமனையாகவும் இருந்தது. அழுகை அந்த இடத்துக்குப் புதிதல்ல.

மேல்நாடுகளில் சில சபைகள் டிசம்பர் 21 வாக்கில், வருஷத்தின் மிக நீண்ட இரவில், துக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே அமைதியான ஒரு ஆராதனை வைக்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு ஒட்டின நமக்கு எல்லா இரவும் ஏறக்குறைய ஒரே நீளம்தான், நம் டிசம்பருக்கு அடையாளம் மழை. ஆனாலும் அந்தத் தேதி எனக்குப் பிடித்ததற்கு வேறு காரணம் உண்டு. பழைய நாள்காட்டியில் டிசம்பர் 21 தோமாவின் திருநாள். காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன அதே தோமா, நம் மயிலாப்பூர் தோமா. ரோமன் கத்தோலிக்கர் 1969இல் அதை ஜூலை 3க்கு மாற்றிவிட்டார்கள். என்னைக் கேட்டால், சந்தேகப்பட்டவனைக் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வைத்ததே சரியான இடம். உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள், அன்று மாலை ஒரு மணி நேரம் பாட்டுச் சத்தமில்லாமல் மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்க முடியுமா என்று. வருகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருப்பார்கள். எங்கள் சபையிலேயே நாகப்பட்டினம் பக்கத்துக் குடும்பங்கள் உண்டு. 26 டிசம்பர் 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்றைக்கும் நினைவு நாள்தான், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

மகள் விஷயம். மரம் வைக்கலாம் என்றே சொல்வேன், அவள் கேட்டிருப்பதால். சின்னதாகப் போதும். அவளுக்கு அம்மா அழுவாளோ என்ற பயமும் அப்பாவைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்ற குழப்பமும் கண்டிப்பாக இருக்கும். அதை நீங்களே உடைத்துவிடுங்கள்: 'போன வருஷம் நட்சத்திரத்தை அப்பாதானே மாட்டினார், இந்த வருஷம் யார் மாட்டலாம்?' என்று கேளுங்கள். இரண்டு பேரும் அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும். அவர் பேரே எடுக்காமல் நாளைக் கடத்துவது பிள்ளைக்கு அதைவிடப் பாரம்.

கேரல் பாட வருகிறவர்களிடம் இந்த வருஷம் வேண்டாம் என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அல்லது வாசலில் ஒரே ஒரு பாட்டு, தேநீர் பலகாரம் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதிரசமும் கேக்கும் செய்யாவிட்டால் குடி முழுகிவிடாது.

'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் சொல்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். 24ஆம் தேதி மாலை மகளை ஆர்ச்சர்ட் ரோடு விளக்குப் பார்க்கக் கூட்டிப்போக முடியுமா? மதியச் சாப்பாடு ஒருவேளை அனுப்ப முடியுமா? எலியாவின் கதை 1 இராஜாக்கள் 19இல் இருக்கிறது. 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகக் கேட்டவருக்குக் கடவுள் முதலில் பிரசங்கம் அனுப்பவில்லை. தழலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் அனுப்பினார். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைத்தார்கள். பேச்சு எல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவரும் சோற்றுக்கு நான் அந்த அப்பத்தின் மரியாதையைக் கொடுக்கிறேன். கடவுள் எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேரடியான பதில் அதுதான். இதை அந்த நேரத்தில் கண்டுகொண்டவர்கள் குறைவு. பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது என்று சொன்னவர்களையே அதிகம் சந்தித்திருக்கிறேன்.

'தாங்க முடியாததைக் கடவுள் கொடுக்க மாட்டார்' என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அவர்கள் மனதில் வைத்திருப்பது 1 கொரிந்தியர் 10:13. அங்கே பவுல் பேசுவது விக்கிரக ஆராதனைக்கும் பாவத்துக்கும் இழுக்கப்படுவதைப் பற்றி, கணவர் சாவதைப் பற்றி அல்ல. அதேபோல, மற்றவர்களுக்குச் சேவை செய்தால் துக்கம் பறந்துவிடும் என்ற அறிவுரையையும் முதல் வருஷத்தில் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. இப்போது நீங்கள் வாங்கிக்கொள்கிற பக்கம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வட்டாரத்தில் உள்ள சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போக வெட்கப்படாதீர்கள். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியிருக்கிறது, தகுதி இருந்தால் ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். பரிசுப் பொருள் விஷயத்தில் உறவுகளிடம் 'இந்த வருஷம் பிள்ளைகளுக்கு மட்டும்' என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் நிம்மதிதான்.

இரவில் தனியாக இருக்கும்போது 'இனி இருந்து என்ன' என்ற எண்ணம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் இருக்கிறார்கள், 1771 என்பது தேசிய மனநல உதவி எண். இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. போன் பண்ணுவது ஜெபத்துக்கு எதிரானதல்ல, இரண்டையும் செய்யலாம்.

கடைசியாக, டிசம்பர் 31 இரவு ஆராதனை. கிறிஸ்துமஸைவிட அதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவராக எழுந்து இந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்வார்கள், அப்புறம் புது வருஷ வாக்குத்தத்த வசன அட்டை கொடுப்பார்கள். உங்களை எழுந்து பேசச் சொல்லக்கூடாது என்று போதகரிடம் முன்பே சொல்லிவையுங்கள். போக மனமில்லை என்றால் மகளோடு வீட்டிலேயே படுத்துத் தூங்குங்கள். அட்டை எங்கேயும் போய்விடாது, ஜனவரி முதல் ஞாயிறு போனாலும் உங்கள் பங்கை யாராவது எடுத்துவைத்திருப்பார்கள்.